அருவித் தண்ணீரை வைத்துக் கடலை அளந்தோம்

நம் திட்டத்தின் முன்னாள் தலைவர் முப்புடாதியைப் பொய்க்காரி என்று எழுதி வேலையை விட்டு அனுப்பினார். அவள் பொய் சொல்லவில்லை என்பது அந்த உத்தரவை எழுதும்போதே அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆண்டு விழா மலருக்கு என் பணி அனுபவங்களை எழுதித் தரச் சொன்னீர்கள். புதிதாக வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு உதவும்படி நாலைந்து பக்கம், கொஞ்சம் சிரிப்பும் இருந்தால் நல்லது என்றீர்கள். சிரிக்கிற மாதிரி ஒன்றிரண்டு இருக்கிறது. எனக்கு நயமாக எழுத வராது. ஆய்வகத்தில் இருபது வருஷத்துக்கு மேல் டெக்னீஷியனாக இருந்தவள். தாளில் எழுதியதெல்லாம் எண்கள்தான். பிடிக்காவிட்டால் போட வேண்டாம். நகல் எடுத்து விழா வாசலில் நின்று நானே கொடுத்துக்கொள்வேன்.

நம் வேலை என்ன என்று தெரியாத யாராவது இதைப் படிக்கலாம். அவர்களுக்கு இரண்டு வரி. ஆறு கடலில் சேரும் கழிமுகத்திலும் அதை ஒட்டிய கரையோரத்திலும் தண்ணீரில் அமிலம் கூடுகிறதா என்று வருஷக்கணக்காக அளந்து பார்ப்பது நம் வேலை. பி.எச். என்ற அளவு. ஏழு என்றால் நடுநிலை, எண் குறையக் குறைய அமிலம். கடல் எட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அது மெல்ல மெல்ல இறங்கினால் மட்டி, சிப்பி மாதிரியான உயிர்களுக்கு ஓடு கட்டுவது கஷ்டம். இறங்குவது மிகவும் மெதுவாக, தசமப் புள்ளிக்குப் பின்னால்தான் நடக்கும். அதனால் நாம் செய்யும் சின்னத் தப்பும், நாம் தேடுகிற மாற்றமும் ஒரே அளவில் இருக்கும். இதை மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன்.

கடலை அளக்கிற ஆபீஸ் ஏன் தென்காசியில் இருக்கிறது என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறீர்கள். சிற்றாறு குற்றாலத்தில் விழுந்து, தென்காசி வழியாகப் போய், தாமிரபரணியில் கலந்து கடலுக்குப் போகிறது, ஆகவே அருவி முதல் கடல் வரை ஒரே பார்வை என்று திட்ட அறிக்கையில் எழுதியிருக்கும். உண்மைக் காரணம், தலைவரின் வீடு தென்காசியில் இருந்தது.

ஆபீஸ் தென்காசியில் இருந்ததால் இன்னொன்று நடந்தது. நாங்கள் எல்லோரும் இந்தப் பக்கத்து ஆட்கள். தென்காசி, மேலகரம், இலஞ்சி, பண்பொழி. நான் குற்றாலத்திலேயே பிறந்து வளர்ந்தவள். அருவித் தண்ணீரைப் பற்றி எங்களுக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற நினைப்பு ஒவ்வொருத்தருக்கும் இருந்தது.

வேலையில் சேர்ந்த இரண்டாவது வருஷம். மீட்டரைச் சரிபார்க்க ஒரு கரைசல் வேண்டும். அதன் பி.எச். ஏழு என்று உறுதியாகத் தெரிந்திருக்கும். மீட்டரை அதில் வைத்தால் ஏழு காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் மீட்டர் எவ்வளவு பிசகுகிறது என்று தெரிந்துவிடும். பஃபர் என்று சொல்வோம். மறுநாள் மேலிடத்து ஆட்கள் கழிமுகத்துக்கு வருகிறார்கள். முந்தின நாள் சாயங்காலம் பார்த்தால் பஃபர் பாட்டில் மூடி சரியாக மூடாமல் கெட்டுப்போயிருக்கிறது. புதுப் பாட்டில் மதுரையிலிருந்து வர இரண்டு நாள் ஆகும். தலைவர் எல்லோரையும் நிற்க வைத்துக் கத்துகிறார்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அந்தக் கோடையில் பஃபர் நன்றாக இருந்தபோது, சும்மா ஒரு ஆசைக்கு அருவித் தண்ணீரை அளந்து பார்த்திருந்தேன். பிசகாமல் ஏழு காட்டியது. அதைச் சொன்னேன். அருவித் தண்ணீரை வைத்தே மீட்டரைச் சரிபார்த்துவிடலாம் சார், அது எப்போதும் ஏழுதான் என்றேன். ஒரே ஒரு தடவை அளந்ததை வைத்து எப்போதும் என்று சொன்னேன். மறுநாள் காலையில் அப்படியே செய்தோம். வந்தவர்கள் திருப்தியாகப் போனார்கள். அடுத்த கூட்டத்தில் தலைவர் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, குற்றாலத்துக்காரி மூளையைப் பாருங்கள் என்றார். கை தட்டினார்கள். எனக்கு வாழ்க்கையில் கை தட்டியது அந்த ஒரு தடவைதான்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகி, செயல்முறைக் கையேட்டில் நாலாவது படியாக அச்சேறியது. பஃபர் வந்த பிறகும் நிறுத்தவில்லை. பஃபரைவிட அருவி மேல் எங்களுக்கு நம்பிக்கை அதிகம். பாட்டிலில் வருவது கெட்டுப்போகும், அருவி கெட்டுப்போகுமா? கழிமுகத்துக்கு வண்டி போகிற நாள்களில் டிரைவர் அண்ணாச்சி முதலில் கிழக்கே போகமாட்டார். மேற்கே குற்றாலத்துக்குப் போவார். எண்ணெய் தேய்த்த கூட்டம் இறங்குவதற்கு முன் ஒரு கேன் பிடித்து வருவார். அதில் மீட்டரை வைப்போம். ஏழுக்கு எவ்வளவு குறைகிறதோ அதை அன்றைய அளவீடுகள் எல்லாவற்றோடும் கூட்டிக்கொள்வோம். கூடினால் கழித்துக்கொள்வோம்.

சிரிப்பு கேட்டீர்களே, இது சிரிப்பு. ஒரு சாரல் சீசனில் வெள்ளம் வந்து அருவிப் பக்கம் யாரையும் விடவில்லை. அன்று நானும் வண்டியில் இருந்தேன். காவலுக்கு நின்ற ஏட்டையா கேனைப் பார்த்துவிட்டு மறித்தார். டிரைவர் அண்ணாச்சி பவ்யமாகச் சொன்னார்.

"குளிக்க வரல ஏட்டையா. கடல அளக்கதுக்கு வந்துருக்கோம்."

ஏட்டையா எங்கள் வண்டியில் எழுதியிருந்ததை நிதானமாகப் படித்தார். பிறகு சொன்னார்: "கடலு கிழக்கலா இருக்கு. இங்கன என்னத்தவே அளக்கப் போறிய?"

நாங்கள் ஒரு மாசம் ஆபீஸில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். எங்கள் ஆபீஸில் யாருமே கேட்காத கேள்வியை அந்த மனிதர் தொப்பி நனைந்துகொண்டு கேட்டார் என்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. எனக்கு உறைக்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது.

இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அருவித் தண்ணீர் எப்போதும் ஏழு இல்லை. பாறையில் விழுந்து ஓடி வரும் மழைத்தண்ணீர் அது. அதில் உப்பும் சுண்ணாம்பும் கிடையாது. குடிக்க ருசியாக இருப்பதும் அதனால்தான். அளக்க லாயக்கில்லாததும் அதனால்தான். காற்றில் இருக்கிற கரியமில வாயு கொஞ்சம் கலந்தாலே ஏழுக்குக் கீழே இறங்கிவிடும். தண்ணீர் குறைந்த கோடையில் ஒரு அளவு காட்டும், சீசனில் இன்னொரு அளவு. அதோடு இவ்வளவு மெல்லிய தண்ணீரில் மீட்டரே சீக்கிரம் நிலைக்கு வராது. பாதியில் எடுத்தால் பாதி எண்தான் கிடைக்கும். சீசனில் அருவி இறங்கும்போதெல்லாம், மீட்டர் பொய் சொல்கிறது என்று நினைத்து, அந்தக் குறைச்சலைக் கடல் கணக்கில் ஏற்றி வைத்தோம். கழிமுகம் உண்மையாகவே இறங்கியபோது எங்கள் தாளில் அது இறங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கூட்டி எட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டோம். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அறிக்கை போயிற்று.

வெளியூர்க்காரர் ஒருத்தர் எங்களோடு இருந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பார். எங்கள் ஊர்த் தண்ணீரை நாங்கள் சந்தேகப்படவில்லை. சந்தேகப்படுவது மரியாதையில்லை என்று நினைத்தோம்.

முப்புடாதி வந்தது அப்புறம்தான். சுந்தரபாண்டியபுரத்துக்காரி. தனியார் பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சராக இருந்து, சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்று ஒப்பந்த வேலைக்கு இங்கே வந்தாள். முப்பது தாண்டியவள். நம் வேலையில் வாய் பேச ஆள் கிடையாது, உங்களுக்கே இப்போது தெரிந்திருக்கும். காலையில் மாடி ஏறினால் பாட்டில்களும் மீட்டரும்தான். கழிமுகத்துக்குப் போனால் இடுப்பு வரை சேறும் காற்றும். வீட்டில் யாரும் இன்றைக்கு எத்தனை காட்டிற்று என்று கேட்கப்போவதில்லை. என் வீட்டில் கேட்கவே ஆளில்லை. அம்மா போன பிறகு நான் மட்டும்தான். அப்படி இருக்கையில் முப்புடாதி வந்து, என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்து, தெனமும் இதையேவா திங்கிய என்று கேட்டாள். அன்றிலிருந்து மத்தியானம் நாங்கள் இருவரும் சேர்ந்து சாப்பிட்டோம். இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. என் வேலை நாள்களில் நான் தனியாகச் சாப்பிடாத காலம் அவ்வளவுதான்.

முதல் வாரத்திலேயே அவள் கேனைப் பார்த்தாள்.

"என்னக்கா, மீட்டருக்கு அபிசேகமா?"

நான் நாலாவது படியை விளக்கினேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அருவித் தண்ணி ஏழுன்னு யாருக்கா சொன்னா?"

"நான் சொல்லுதேன். போயி வேலையப் பாருட்டி" என்றேன்.

கேட்டது நியாயமான கேள்வி. ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. பதில் இல்லாததால்தான் கோபப்பட்டேன். புதிதாக வந்தவர் ஒருத்தர் உங்களைக் கேள்வி கேட்டு, உங்களுக்கு உடனே கோபம் வந்தால், அந்த இடத்தில் ஏதோ அழுகிக் கிடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மீட்டரை அப்புறம் திறக்கலாம், முதலில் உங்களைத் திறந்து பாருங்கள்.

பிறகு அவளைக் கழிமுகத்தில் போட்டார்கள். அங்கேயே ஒரு வீட்டில் தங்கி, வாரக்கணக்கில் தினமும் அளக்க வேண்டும். தென்காசியிலிருந்து கேன் தினமும் போகாது. வண்டியில் வெயிலில் கிடந்து சூடான கேன்தான் வாரம் ஒருமுறை போகும். அவள் அதைத் தொடவில்லை. தண்ணீரில் கரைத்துக்கொள்ளும் பஃபர் பொட்டலங்களைத் தன் கைக்காசில் வாங்கி வைத்துக்கொண்டு, அதை வைத்தே மீட்டரைச் சரிபார்த்தாள். அவள் அனுப்பிய எண்கள் எங்கள் எண்களைவிடக் கீழே இருந்தன. ஒரு நாள் இரண்டு நாள் என்றால் பரவாயில்லை. எல்லா நாளும்.

அவள் எனக்குப் போன் செய்தாள். கழிமுகத்தில் மட்டி பொறுக்கும் பெண்கள் சொல்வதைச் சொன்னாள். முன்பெல்லாம் கத்தி வைத்துத் திறக்க வேண்டிய மட்டி இப்போது விரலில் அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்குகிறதாம். "அதுக்கு நூறு காரணம் இருக்கலாம்க்கா, நான் அவசரப்பட்டுச் சொல்லல. ஆனா நம்ம நம்பரு மட்டும் அசையாம நிக்கே, அது எப்படி? நீங்க ஒரு தடவ நல்ல பஃபர் வச்சு அருவியப் பாருங்க. ஒரே ஒரு தடவ."

ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தேன். ஆபீஸில் யாரும் இல்லை. சாவி என்னிடம் இருந்தது. சீசன் நேரம். புதுப் பஃபர் பாட்டிலை உடைத்து, மூன்று தடவை மீட்டரைச் சரிபார்த்தேன். பிறகு அருவித் தண்ணீரில் வைத்தேன். எண் இறங்கிக்கொண்டே வந்தது. ஏழைத் தாண்டிக் கீழே போனது. மீட்டர் நிலைக்கு வர நேரமாகும் என்று காத்திருந்தேன். நிலைக்கு வந்தது. மேலே ஏறவில்லை. மாற்று மீட்டரை எடுத்துப் பார்த்தேன், அதிலும் அதே எண். மூன்றாவது தடவையும் அதேதான்.

மேசைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வெளியே சீசன் கூட்டம் ஈரத் துண்டோடு பஸ்ஸ்டாண்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தத் தெருவில் யாரையாவது நிறுத்தி, நான் இத்தனை வருஷம் கடலைத் தப்பாக அளந்துவிட்டேன் என்று சொன்னால் யாருக்கு என்ன புரியும்? புரிகிற ஒரே ஆள் கழிமுகத்தில் இருந்தாள். அவளுக்கு நான் போன் செய்யவில்லை. மறுநாள் தலைவரிடம் போனேன்.

இந்த இடத்தில் நிதானமாகப் படியுங்கள். நம் வேலையில் வருகிற நெருக்கடி எல்லாம் படகு கவிழ்வதும் மழையில் மாட்டுவதும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அதையெல்லாம் சமாளித்துவிடலாம். எனக்கு வந்த நெருக்கடி மின்விசிறிக்கு அடியில், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது வந்தது.

நான் எண்களை எழுதிய தாளை அவர் முன் வைத்தேன். அவர் முட்டாள் இல்லை. ஒரு நிமிஷத்தில் புரிந்துகொண்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"நீ சொல்லுதது எனக்குப் புரியாமலா இருக்கு? புரியுது. ஆனா இப்பம் இதச் சொல்ல முடியாதும்மா."

அடுத்த மாசம் திட்டத்தை நீட்டிப்பதா மூடுவதா என்று முடிவாகப் போகிறது, இத்தனை வருஷ அளவீடும் தப்பு என்று நாமே சொன்னால் அன்றைக்கே பூட்டிவிடுவார்கள் என்றார். டிரைவர் அண்ணாச்சியில் தொடங்கி ஒவ்வொருவர் வீட்டு நிலைமையையும் சொன்னார். எல்லாம் உண்மை. பிறகு சொன்னார்:

"முப்புடாதி ஒருத்தி வெளிய போனா வேற எங்கனயாவது பொழச்சுக்கிடுவா. திட்டம் போனா அத்தன பேரும் தெருவுலலா நிப்பாவ. அப்புறம் இன்னொண்ணு. இந்த ரூலு யாரு போட்டது? ஒம் பேருதான் முதல்ல வரும்."

மற்றவர்கள் தெருவில் நிற்பார்கள் என்பதற்காக நான் வாயை மூடினேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். கடைசியாகச் சொன்னாரே, என் பேர் வரும் என்று, அதற்காகத்தான் மூடினேன். எனக்குக் கை தட்டிய ஒரே விஷயம் அது. அதுவும் தப்பு என்று ஊர் முன்னால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஒரு மாற்று வழி இருந்தது. அதை அவரிடம் சொன்னேன், அது மட்டும் செய்தேன். அன்றன்றைக்கு மீட்டர் காட்டிய எண்ணையும், நாங்கள் கூட்டியதையும் நோட்டின் ஓரத்தில் தனித்தனியாக எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஆகவே எதுவும் அழிந்துபோகவில்லை. கூட்டியதைக் கழித்தால் உண்மையான எண்ணுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடலாம். தப்பு நடந்தது, இதோ திருத்தம் என்று ஒரே அறிக்கையில் சொல்லிவிடலாம் சார் என்றேன். பார்க்கலாம் என்றார். பார்க்கவில்லை.

அந்த வாரமே முப்புடாதியை வரச் சொன்னார்கள். அவள் அளவீடும் ஆய்வகத்தின் அளவீடும் பொருந்தவில்லை, விளக்கம் தரவேண்டும். சின்ன அறை. தலைவர், நிர்வாகத்து ஆள் ஒருவர், நான், அவள். அவள் பையிலிருந்து பஃபர் பொட்டலத்தையும் ஒரு சின்ன பாட்டிலில் அருவித் தண்ணீரையும் எடுத்து மேசையில் வைத்தாள். அதற்காகவே முதலில் குற்றாலம் போய்ப் பிடித்து வந்திருக்கிறாள்.

"ரெண்டையும் இப்பமே இங்கன வச்சு அளந்து பாத்துருவோம் சார். பத்து நிமிசம் ஆகாது."

இது விசாரணை, இங்கே பரிசோதனை செய்ய முடியாது என்றார் தலைவர். கையேட்டில் உள்ள நாலாவது படியை அவள் பின்பற்றினாளா இல்லையா, அது மட்டும்தான் கேள்வி என்றார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீங்க பாத்தியளா? அருவிய வச்சுப் பாத்தியளா?"

பார்த்தேன் என்று சொன்னால் போதும். ஒரே வார்த்தை. நான் மேசையைப் பார்த்துக்கொண்டு, "நீ நடைமுறைப்படி செய்யலல்லா" என்றேன்.

 பொட்டலத்தையும் பாட்டிலையும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

முப்புடாதி வகுக்கப்பட்ட நடைமுறையைப் பின்பற்றவில்லை என்று ஒரு வரி எழுதி என்னிடம் நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். அந்த வரி உண்மை. அந்த உண்மையை ஆதாரமாகக் காட்டி, அளவீடுகளைத் திரித்தார் என்று தலைவர் உத்தரவு எழுதினார். அவளுடைய அனுபவச் சான்றிதழிலும் திரித்தார் என்ற வரி ஏறியது. உங்கள் முன்னால் ஒரு தாள் வந்தால் அதில் இருப்பது உண்மையா என்று மட்டும் பார்க்காதீர்கள். அதை எதற்குக் கேட்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை பேனாவைத் திறக்காதீர்கள்.

திட்டம் நீண்டது. யாரும் தெருவுக்குப் போகவில்லை, அவளைத் தவிர. அடுத்த வருஷம் புது மீட்டர்கள் வந்தன. கையேட்டைப் புதிதாக அச்சடித்தார்கள். அதில் நாலாவது படி இல்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. டிரைவர் அண்ணாச்சிக்கு மட்டும் குற்றாலம் போகிற வேலை போனதில் வருத்தம்.

உங்கள் அறைச் சுவரில் பெரிய வரைபடம் ஒன்று மாட்டியிருக்கிறீர்களே, கழிமுகத்தின் பி.எச். வருஷவாரியாக. பல வருஷம் தட்டையாகப் போய், ஒரு இடத்தில் திடீரென்று ஒரு படி இறங்கும். கீழே பொடி எழுத்தில் கருவி மாற்றம் என்று போட்டிருக்கும். அது கருவி இல்லை. கடல் ஒரே வருஷத்தில் அப்படி இறங்கவும் இல்லை. அந்தப் படி நான். அந்தத் தட்டைக் கோடும் நான். அதற்கு முந்தின இடத்தில், செல்லாது என்று பெருக்கல் குறி போட்டு அடித்த புள்ளிகள் கொஞ்சம் இருக்கும். அவை முப்புடாதியுடையவை. ஒரு அளவுகோலை எடுத்துப் போய், படிக்குப் பிறகு வருகிற கோட்டைப் பின்னால் நீட்டிப் பாருங்கள். அடித்த புள்ளிகளுக்கு ஊடே போகும். இந்தச் சோதனைக்கு மீட்டரும் வேண்டாம், பஃபரும் வேண்டாம். இத்தனை நாள் அந்தச் சுவருக்கு எதிரில் உட்கார்ந்து டீ குடிக்கிறீர்கள்.

அவள் போன பிறகு ஆபீஸில் என்னிடம் யாரும் சண்டை போடவில்லை. பேசவும் இல்லை. என்ன நடந்தது என்று முழுதாகத் தெரியாது அவர்களுக்கு. ஆனால் நான் அவள் பக்கம் நிற்கவில்லை என்பது தெரியும். மத்தியானம் நான் டப்பாவைத் திறந்தால் மற்றவர்கள் எழுந்து கை கழுவப் போனார்கள். ஓய்வு பெறும் வரை அப்படித்தான். ஓய்வு பெற்ற பிறகு குற்றாலத்தில் இருக்கிறேன். சீசன் முடிந்தால் இந்த ஊர் எப்படி இருக்கும் என்று சீசனுக்கு மட்டும் வருகிறவர்களுக்குத் தெரியாது. கடைகளைத் தார்ப்பாயால் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். லாட்ஜ் வரிசையில் ஒரு விளக்கு எரியாது. குரங்குகளும் நானும்தான். ஒரு வாரம் முழுக்க எண்ணிப் பார்த்தேன், நான் பேசியது பால்காரரிடமும் பஸ் கண்டக்டரிடமும் மட்டும். புலம்பலுக்காகச் சொல்லவில்லை. வாயை மூடியவளுக்கு என்ன மிஞ்சும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

போன மாசம் சுந்தரபாண்டியபுரத்துக்குப் போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. பக்கத்தில் ஒரு குடிதண்ணீர் கேன் கம்பெனியில் கேன் கழுவுகிற வேலை பார்க்கிறாளாம். அங்கேயே தண்ணீரைச் சோதிக்கிற ஆள் வேண்டும். அந்த வேலை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அனுபவச் சான்றிதழைக் கேட்கிறார்கள். அந்தச் சான்றிதழில் அந்த வரி இருக்கிறது. அவள் அதைக் காட்டவில்லை. காட்டாததால் கேன் கழுவுகிறாள். இதையெல்லாம் அவள் சொல்லவில்லை, வழி காட்டிய பெண் சொன்னாள்.

மன்னித்துவிடு என்று சொல்லத்தான் வந்தேன் என்றேன். அவள் கையில் இருந்த துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டுக் கேட்டாள்:

"எதுல வந்தியக்கா?"

"பஸ்ஸுல."

"தென்காசிலேர்ந்து எவ்வளவு நேரம்?"

"அரை மணி நேரம்."

"அந்த அரை மணி நேரம் வாரதுக்கு எத்தன வருசம் ஆயிருக்கு பாத்தியளா."

 அவள் உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். மட்டி இப்போது எப்படி இருக்கிறது, யாராவது போய்ப் பார்க்கிறார்களா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன்.  கிளம்பும்போது வாசலுக்கு வந்து சொன்னாள்:

"எங்கிட்டச் சொல்லி என்னக்கா செய்ய? நான் பொய் சொல்லலன்னு எனக்குத்தான் அப்பமே தெரியுமே. தெரியாதவங்க முன்னால சொல்லுங்க. தலைவரையும் சொல்லச் சொல்லுங்க."

சொல்லிவிட்டேன். நான் செய்ததை மேலே எழுதியிருக்கிறேன். அருவித் தண்ணீர் விதி என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை நான் அளந்து பார்த்தது உண்மை. விசாரணையில் அதை மறைத்தேன். என் ஓய்வூதியத்தில் கை வைப்பார்கள் என்றால் வைக்கட்டும். ஓரத்தில் கூட்டல் கழித்தல் எழுதிய நோட்டுகள் பழைய அலமாரியில் கீழ்த்தட்டில் இருக்கின்றன. எடுத்துப் பாருங்கள்.

இனி முன்னாள் தலைவர் பாக்கி. விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறீர்கள் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது. ஏற்புரையும் உண்டாம்.

சார், இதை நீங்களும் படிப்பீர்கள். நான் கொண்டுவந்த தாளைப் பார்த்து, புரியுது என்று சொன்னீர்கள். அதற்கு நாலு நாள் கழித்து, அளவீடுகளைத் திரித்தார் என்று கையெழுத்துப் போட்டீர்கள். இடையில் என்ன புரியாமல் போயிற்று? முப்புடாதி எழுதிய எண்கள் சரியா, தப்பா? தப்பு என்றால் நாலாவது படியைக் கையேட்டிலிருந்து ஏன் எடுத்தீர்கள்? சரி என்றால் அந்தச் சான்றிதழில் அந்த வரி ஏன் இன்னும் இருக்கிறது? எனக்குத் தனியாகக் கடிதம் எழுத வேண்டாம். போன் செய்ய வேண்டாம். ஆள் அனுப்ப வேண்டாம். அந்த மேடையில், இந்தப் பிள்ளைகள் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, மைக்கில் அவள் பேரைச் சொல்லிப் பதில் சொல்லுங்கள்.